ஃபோம் வாங்குறதுக்கு முன்னாடி கதவைப் பாருங்க

போன செமஸ்டர் லீவுல நான் செஞ்ச ஒரு முட்டாள்தனத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டு மாடி ரூம்ல பாட்டு ரெக்கார்ட் பண்ணணும்னு ஆசை. சேர்த்து வெச்ச 4,000 ரூபாய்க்குக் கருப்பு ஃபோம் வாங்கி இரண்டு சுவர் முழுக்க ஒட்டினேன். பார்க்க யூடியூப்ல வர்ற ஸ்டுடியோ மாதிரியே இருந்தது. மைக்கை ஆன் பண்ணிப் பாடினேன். கீழே அம்மா மிக்ஸியில சட்னி அரைக்கிற சத்தமும் சேர்ந்தே பதிவாச்சு!

ஃபோம் மேல தப்பில்லை. அதுகிட்ட நான் எதிர்பார்த்த வேலைதான் தப்பு. ரூமுக்குள்ள எழுற எதிரொலியைக் குறைக்கிறது ஒரு வேலை. வெளிச்சத்தத்தை உள்ளே விடாம தடுக்கிறது வேற வேலை. முதல் வேலைக்குத் துணி, மெத்தை, ஃபோம் உதவும். இரண்டாவதுக்கு எடையும், காற்று புகாத அடைப்பும் வேணும்.

நாமதான் இன்ஜினியரிங் படிக்கிறோமே, கணக்கு போட்டே பார்க்கலாம். 9 அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல இருக்கும். அது மேல ஒட்டுற ஒரு அங்குல ஃபோம் ஒரு கிலோ கூட தேறாது. சுவரோட எடையை இரண்டு மடங்கு ஆக்கினாலே சுமார் 6 டெசிபல்தான் தடுப்பு கூடும். அப்போ இந்த ஒரு கிலோ என்ன செஞ்சுடப் போகுது? முட்டை அட்டையைப் பத்தி நான் தனியா சொல்லவே வேணாம்.

சரி, சத்தம் எந்த வழியா வருது? பெரும்பாலும் கதவு, ஜன்னல் இடுக்கு வழியா. 210 செ.மீ. உயரக் கதவுக்கு அடியில 2 செ.மீ. இடைவெளி இருந்தா, அது கதவுப் பரப்புல கிட்டத்தட்ட 1 சதவீதம். அதாவது வந்து மோதுற ஒலி ஆற்றல்ல நூத்துல ஒரு பங்கு அப்படியே உள்ளே வந்துடும். தேக்குக் கதவே போட்டாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது.

அதனால என் கருத்து இதுதான்: கையில இருக்கிற முதல் ரூபாயை இடுக்கை அடைக்கச் செலவு பண்ணுங்க. கதவுச் சட்டத்தைச் சுத்தி ரப்பர் பட்டை, அடியில ஒரு ரப்பர் ஸ்ட்ரிப், ஜன்னல் ஓரத்துல சிலிக்கான். சில நூறு ரூபாயில முடியும். ரெக்கார்டிங் முடிஞ்சதும் ஜன்னலைத் திறந்து காத்து விடுங்க.

எதிரொலிக்கு வீட்டுல இருக்கிற மெத்தையும் கம்பளியும் போதும். இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. 1895-ல ஹார்வர்டுல எதிரொலி அதிகமா இருந்த ஒரு வகுப்பறையைச் சரிபண்ணச் சொன்னப்போ, வாலஸ் சபைன் தியேட்டர் இருக்கை மெத்தைகளைத் தூக்கிட்டு வந்துதான் ஆராய்ச்சி பண்ணினார். அதுவும் ஊர் அடங்கின ராத்திரியில. லாரி, பஸ்ஸோட உறுமலை நம்ம பட்ஜெட்ல தடுக்க முடியாது. அதுக்கு நமக்கும் ராத்திரிதான் வழி.

இன்னொண்ணு, இது காசைவிட முக்கியம். 2003 பிப்ரவரியில அமெரிக்காவோட ரோட் ஐலண்ட்ல ஒரு நைட் கிளப். சத்தத்துக்காகச் சுவர்ல ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோம்ல மேடை வாணவேடிக்கையோட பொறி பட்டுச்சு. 100 பேர் செத்துப் போனாங்க. நம்ம ரூம்ல வாணவேடிக்கை இல்லைதான். ஆனா ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஆறு பிளக் சொருகி, கதவையும் இறுக்கி மூடிக்கிறோமே? 'லுக்'குக்காக அந்த ரிஸ்க் தேவையா?

இன்னைக்கு ராத்திரி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ரூம் லைட்டை அணைச்சு, வெளியே லைட்டைப் போட்டு, கதவை மூடிட்டு உள்ளே நில்லுங்க. வெளிச்சம் எங்கெல்லாம் கசியுதோ, அங்கெல்லாம் சத்தமும் கசியும். அதை அடைச்ச பிறகும் ஃபோம் வேணும்னு தோணினா, அப்போ வாங்கிக்கலாம்.