நல்ல வைஃபை முதலில் குசினிக்கு

உங்கள் வீட்டில் வைஃபை இழுபட்டால் யாரைக் கூப்பிடுவார்கள்? எங்கள் வீட்டில் என்னை. வரி அலுவலகக் கடிதம் வந்தாலும் என்னை, ரவுட்டரில் சிவப்பு லைட் எரிந்தாலும் என்னை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் சம்பளம் இல்லாத வேலை நன்றாகவே தெரியும். அதனால் இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். கோபம் முதலில் என்மேல்தான்.

சனிக்கிழமை காலையில் அம்மா போனைக் குசினி யன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் வெட்டிக்கொண்டே யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவோடு கதைப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் படம் உறையும். "கேக்குதா அம்மா? கேக்குதா?" என்பது எங்கள் வீட்டுச் சனிக்கிழமைச் சத்தம். நானும் அறையில் இருந்தபடியே, "அங்க நெட் அப்பிடித்தான் அம்மா" என்று சொல்லிவிடுவேன். இரண்டு வருடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் படம் உறைந்தபோது அம்மாவின் போனில் வைஃபையை நிற்பாட்டி மொபைல் டேட்டாவுக்கு மாற்றிப் பார்த்தேன். உடனே அம்மம்மாவின் முகம் தெளிவாக வந்தது. யாழ்ப்பாணத்துப் பக்கம் எதுவும் மாறவில்லை, மாறியது எங்கள் பக்கம் மட்டும். அப்படியென்றால் இவ்வளவு காலமும் பிழை எங்கள் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. பழியை ஊர்மேல் போட்டது நான்.

இதில் வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் இருப்பது கார்ல்ஸ்ரூஹேயில். ஹைன்ரிச் ஹேர்ட்ஸ் 1886க்கும் 1889க்கும் இடையில் மின்காந்த அலைகளை உருவாக்கி அளந்து காட்டியது இந்த ஊரின் தொழில்நுட்பக் கல்லூரியில், இன்றைய கேஐடியில். ரவுட்டர் பெட்டியில் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதே, அது அவருடைய பெயர்தான். அவர் அன்று பார்த்தவை இன்றைக்கும் நம் வீட்டுக்குப் பொருந்தும். மரக்கதவைச் சாத்தினாலும் அலை அதற்குள்ளால் போனது. நாகத் தகட்டில் பட்டுத் திரும்பியது. போகிற அலையும் திரும்பி வருகிற அலையும் சேர்ந்த இடங்களில், சில புள்ளிகளில் பொறி தெரிந்தது, சில புள்ளிகளில் தெரியவே இல்லை. ஜெர்மனியின் முதல் இணைய மின்னஞ்சல் வந்து சேர்ந்ததும் இதே ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குத்தான், 1984 ஆகஸ்ட் 3இல்.

அந்த ஊரில் எங்கள் ரவுட்டர் இருந்தது தகரச் சப்பாத்து அலுமாரிக்குள்! லைட் மினுங்குவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அப்பா உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அங்கிருந்து குசினிக்குப் போகிற வழியில் குளியலறைச் சுவர், அதற்குள் தண்ணீர்க் குழாய்கள், பிறகு குளிர்சாதனப் பெட்டி. ஹேர்ட்ஸ் ஒரு தகடு வைத்தார். நாங்கள் நாலைந்து வைத்திருந்தோம்.

அப்பா அதற்குள் ரிப்பீட்டர் ஒன்று வாங்கக் கடைக்குப் போக வெளிக்கிட்டுவிட்டார். நான் மறித்தேன். என் கருத்து இதுதான்: அளக்காமல் ஒரு சாமானும் வாங்கக்கூடாது. அளப்பது பெரிய வேலையும் இல்லை. மடிக்கணினியை லான் கேபிளில் ரவுட்டரோடு நேரே இணைத்து வேகம் பார்த்தேன். காசு கட்டுகிற 100 மெகாபிட் கிட்டத்தட்ட முழுதாக வந்தது. பிறகு குசினி மேசையில் இருந்து, இணையத்துக்கு அல்ல, ரவுட்டரின் முகவரிக்கே பிங் போட்டேன். சில மில்லிசெக்கனில் வரவேண்டிய பதில் சிலவேளை 300 தாண்டியது, சிலவேளை வரவே இல்லை. வெளி லைனில் குறை இல்லை, குறை சுவர்களுக்கு இடையில். இந்த இரண்டு சோதனையும் செய்யாமல் யாரையும் திட்டாதீர்கள், கம்பனியையும் சரி, யாழ்ப்பாணத்தையும் சரி.

கேபிளிலேயே வேகம் குறைவு என்றால் அது வேறு கதை. புண்டஸ்நெட்ஸ்அகெண்டூரின் அளவு மென்பொருளை இறக்கி, கேபிளில் மூன்று நாளில் 30 தரம் அளந்து அறிக்கை எடுக்கலாம். ஒப்பந்தத்தில் சொன்ன வேகம் வரவில்லை என்று அதில் தெரிந்தால், 2021 டிசம்பரில் இருந்து மாதக் கட்டணத்தைக் குறைக்கச் சட்டமே இடம் தருகிறது. அந்தக் கடிதத்தையும் நீங்கள்தான் எழுதவேண்டி வரும், தெரியும்.

நீளமான டிஎஸ்எல் கேபிள் ஒன்று வாங்கி ரவுட்டரை அலுமாரிக்கு வெளியே, புத்தக அடுக்கின் மேலே வைத்தேன். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விட்டது. 2.4இல் அலையின் நீளம் 12 சென்ரிமீற்றர் சொச்சம்தான், அதனால் ஒரு சாண் தள்ளி வைத்தாலே வித்தியாசம் வரலாம். எங்கள் கட்டடத்தில் 2.4இல் அயலவர்களின் வைஃபையும் நிறைய. 13 சனல் இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாமல் பாவிக்கக்கூடியது மூன்றுதான். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைக்குப் பக்கத்தில்தான் வேலை செய்கிறது. ஆகவே அம்மாவின் போனை 5க்கு மாற்றினேன். 5 சுவருக்குள்ளால் போக அவ்வளவு கெட்டித்தனம் இல்லை, ஆனால் இப்போது ரவுட்டருக்கும் குசினிக்கும் நடுவில் திறந்த கதவு மட்டும்தான்.

ரிப்பீட்டர் கூடாது என்று நான் சொல்லவில்லை. வைஃபை செத்த அறையிலேயே அதைக் கொண்டுபோய்ச் செருகுவதுதான் பிழை. கேட்காத ஒருவர் மற்றவருக்கு என்னத்தைத் திருப்பிச் சொல்வது? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில் வைக்கவேண்டும்.

மீதிப் பாதிப் பிரச்சினை தம்பி. அவன் கேம் விளையாடுவதாலேயே இழுபடவில்லை, கேமுக்கு அவ்வளவு டேட்டா தேவையில்லை. அவன் விளையாடினதைப் பதிந்து வீடியோவாக ஏற்றுவான். அப்பாவின் போனும் அதே நேரத்தில் படங்களைக் கிளவுட்டுக்கு அனுப்பும். மேலே ஏற்றுகிற வழி ஒடுங்கியது. அதில் பெரிய லொறிகள் வரிசையில் நின்றால் அம்மாவின் குரல் பின்னால் நிற்கும். ரவுட்டர் அமைப்பில் அம்மாவின் போனுக்கு முன்னுரிமை கொடுத்தேன்.

தம்பி சண்டைக்கு வந்தான். "எனக்குப் பிங் முக்கியம் அக்கா!" முக்கியம்தான். ஆனால் அவனுடைய கணினி மேசையை விட்டு அசைவதில்லை. அதற்கு 15 மீற்றர் லான் கேபிள் போதும், வைஃபையை விட நல்லது. குசினிக்கும் வரவேற்பறைக்கும் நடுவில் போனைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அம்மாவுக்குத்தான் காற்று வேண்டும். நம் வீடுகளில் வைஃபை யார் கூடச் சத்தம் போடுகிறார்களோ அவர்களுடைய அறைக்கு ஏற்ற மாதிரி அமைகிறது. அம்மா ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. "பரவாயில்லை, பிறகு எடுப்பம்" என்று வைத்துவிடுவார். முறைப்பாடு சொல்லாதவருக்கு முதலில் செய்துகொடுப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கேபிளைப் பாவிக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை அம்மா என்னையும் போனுக்கு முன்னால் இழுத்தார். அம்மம்மா கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு இருந்தார். திரும்பவும் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"என்ன பிள்ளை, தலைமயிரை வெட்டிப்போட்டாய்?" என்றார்.

நான் வெட்டி எட்டு மாதம்.