பன்றிக்கு எந்தத் துப்பாக்கி?

"லைசென்ஸ் கொடுங்க, நல்ல ரைபிளா ஒண்ணு வாங்கிக்கிறோம், பன்னித் தொல்லை ஒரே வருஷத்துல தீர்ந்துடும்." திண்டுக்கல் மாவட்டத்தில் நாலு விவசாயிகள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. மக்காச்சோளத்தையோ நிலக்கடலையையோ ஒரே ராத்திரியில் பறிகொடுத்தவரின் கோபம் நியாயமானது. அவர் கேட்கும் மருந்துதான் தப்பு.

முதலில், லைசென்ஸ் இருந்தால் சுடலாம் என்ற நினைப்பு. ஆயுதச் சட்ட லைசென்ஸ் துப்பாக்கியை வைத்திருக்கத்தான் அனுமதி. விலங்கைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022 திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ 11-ஆம் பிரிவின்படி எழுத்தில் உத்தரவு தராமல் சுட்டால், சொந்தத் தோட்டத்தில் நின்று சுட்டாலும் குற்றம்தான். உத்தராகண்டிலும் பீகாரிலும் சில காலம் மத்திய அரசு காட்டுப்பன்றியைத் தீங்குயிரி என்று அறிவித்திருந்தது. கேரளம் கேட்டபோது மறுத்துவிட்டது.

தமிழகத்தில் 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் சொன்ன ஏற்பாடு இது: காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். சிறுமலை அடிவாரத்திலோ கன்னிவாடிப் பக்கமோ காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? அடி அதிகம் வாங்குகிறவர் அவர்தான். அவருக்குத்தான் ஒன்றும் இல்லை. சண்டை போட வேண்டிய இடம் அது. அதை விட்டுவிட்டு ரைபிள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த ரைபிளும் பயிர்க் காவலுக்கு என்று கேட்டால் எளிதில் வராது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பயிர்க் காவலுக்குச் சொல்வது, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், உள்ளே வரியில்லாத வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கி தரலாம். போதாக்குறைக்குத் தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். 2024-இல் மார்ச் நடுவிலிருந்து ஜூன் வரை நடத்தை விதிகள் இருந்தன. பன்றிக்கு அந்த விதிகள் பொருந்தாது.

அடுத்தது, விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது: "பாயிண்ட் 315 இருந்தா போதும், எல்லாத்துக்கும் ஆகும்." இந்தப் புகழ் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். .303, 7.62 ஆகியவை படையினரின் தோட்டாக்கள் என்பதால் பொதுமக்களுக்குத் தடை. அந்தத் தோட்டா நுழையாதபடி வேறு அளவில் இச்சாப்பூர் தொழிற்சாலை செய்துவந்த ரைபிள்தான் .315. வேறு எதுவும் சுலபமாகக் கிடைக்காததால் அது எல்லாருக்கும் பிடித்துப்போனது. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் நடுத்தர விலங்குக்கு ஒரே ரைபிள் என்று .30-06, .308, .270 ஆகியவற்றைச் சொல்லி ஓயாமல் வாதம் செய்வார்கள். எண்பது கிலோ பன்றிக்கு இவற்றில் எதுவும் போதும், .315 உட்பட. அதனால்தான் அந்த வாதம் நமக்கு உதவாது. ஜிம் கார்பெட் 1926-இல் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டது .275 ரிக்பியால், நம் தென்னகக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் தூக்கிக்கொண்டு திரிந்தது .405 வின்செஸ்டரை. அளவில் எவ்வளவு வித்தியாசம்! இரண்டும் வேலை செய்தன, பிடித்த கை அப்படி. வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் தடித்த குருத்துக் கவசம் இருக்கிறது. இதயமோ முன்னங்காலை ஒட்டிக் கீழே இருக்கிறது. இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், பழகாத கை சுட்டால் குண்டு வயிற்றில் பாயும். எந்த அளவுத் தோட்டாவானாலும் அந்தப் பன்றி புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் விறகுக்குப் போகிறவர் அதன் எதிரில் போய் நிற்பார்.

தோட்டாவின் அளவைவிட, விலங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். மலைச் சரிவில் தவறிய குண்டு மண்ணில் புதையும். வேடசந்தூர், குஜிலியம்பாறைச் சமவெளியில் அது எங்கே போய் விழும்? ரைபிள் குண்டு ஒரு கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் கொல்லும். சோளக்காட்டுக்கு அப்பால் மோட்டார் ரூம், தோட்டத்து வீடு, வாசலில் கயிற்றுக் கட்டில். அந்த நிலத்துக்கு என்னைக் கேட்டால், பரணில் உட்கார்ந்து முப்பது நாற்பது மீட்டருக்குள் கீழ்நோக்கிச் சுடும் 12 போர் துப்பாக்கி என்பேன். அதுவும் பயிற்சி உள்ளவர் கையில், உத்தரவோடு.

கேரளத்தைக் காட்டுகிறார்கள், எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அதுதான். 2022-இல் அங்கே உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். ஆனால் சுடுகிறவர் யார்? ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்து, பட்டியலில் பெயர் பதிவானவர். தோட்டத்துக்கு ஒரு ரைபிள் என்று அங்கேயும் யாரும் கொடுக்கவில்லை.

சுட்டால் தீர்ந்துவிடும் என்பதும் நடக்கவில்லை. உலகத்தின் மிக நல்ல ரைபிள்கள் உள்ள ஜெர்மனியில் 2019-20 பருவத்தில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேல் காட்டுப்பன்றிகளைச் சுட்டார்கள். அங்கே பன்றி இன்னும் இருக்கிறது. ஒரு ஈற்றில் நாலைந்து குட்டி போடும் விலங்கு. தீனியும் மறைவிடமும் இருக்கும்வரை காலியான இடம் நிரம்பிவிடும். நம் சமவெளியில் அந்த மறைவிடம் எது என்று எல்லாருக்கும் தெரியும்: குளத்துக்குள்ளும் ஓடைக்கரையிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம். பகலில் பன்றி படுப்பது அங்கேதான்.

ஆகவே அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதுகிறவர்கள் துப்பாக்கியை விட்டுவிட்டு மூன்றைக் கேளுங்கள்: 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் உண்மையிலேயே வர வேண்டும், உங்கள் ஊர்க் குளத்துச் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும், காட்டை ஒட்டிய நிலத்துக்கு அரசுச் செலவில் வேலியும், அடுத்த விதைப்புக்குள் கைக்கு வருகிற இழப்பீடும் வேண்டும்.