பதினாலாயிரம் ரூபாய்க் காபி

நம்மாட்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் "என் வண்டிக்கு ஆயில் நானே மாத்தறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே மூன்று கேள்வி வரும். ஒன்று, "வாரண்டி போயிடாதா பாஸ்?" இரண்டு, "இவ்ளோ லட்சம் கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்கத் தெரியுது, சர்வீசுக்குக் கணக்குப் பாக்கறீங்களே?" மூன்றாவது வாயில் வராது, பார்வையில் வரும்: "பி.இ. படிச்சுட்டு மெக்கானிக் வேலையா?" புனேயில் இந்த மூன்றையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் மொத்தமாக ஒரு பதில்.

முதலில் வண்டி. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சின், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். கம்பெனி பெயர் வேண்டாம். என் சண்டை ஒரு ஷோரூமோடு இல்லை, ஒரு வழக்கத்தோடு.

மேனுவலில் என்ன போட்டிருக்கிறது? வருடத்துக்கு ஒரு முறை அல்லது 15,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. சரி, ஒரு கணக்குப் போடுவோம். ஹைவேயில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 15,000 ஓட 250 மணி நேரம் ஆகும். ஹிஞ்சவடி பக்கம் ஆணி பிடுங்கப் போகிற வண்டிக்குச் சராசரி 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 750 மணி நேரம்! ஓடோமீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிற ஆயிலுக்கு மூன்று மடங்கு. "நான் வருசத்துக்குப் பன்னெண்டாயிரம்தான் ஓட்டறேன்" என்பீர்கள். அப்போதும் 600 மணி நேரம் சார்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவதும் குளிர வைப்பதும் மெல்லிசான ஆயில் படலம்தான். போதாக்குறைக்கு நேரடி இஞ்செக்‌ஷன் இஞ்சினில், சூடேறுவதற்குள் அணைக்கிற குட்டிப் பயணங்களில் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆயிலோடு கலந்து நீர்த்துப்போகச் செய்யும். குழந்தையைப் பள்ளியில் விட, காய்கறி வாங்க... நம் ஓட்டமே அதுதானே!

ஆக நான் சொல்வது இதுதான். வருடாந்திர சர்வீஸ் டீலரிடமே போகட்டும். நடுவில் ஆறாவது மாதம் ஒரு ஆயிலும் ஃபில்டரும் நம் கையால் மாறட்டும். டீலரா நானா என்று பட்டிமன்றம் வேண்டாம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

இப்போது வாரண்டி. சர்வீஸ் புத்தகத்தில் போட்ட ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. கூடுதலாக ஒன்று செய்கிறேன், அதுவும் கம்பெனி கேட்கிற தரத்து ஆயிலில். "வெளியில் கை வைத்தால் வாரண்டி மொத்தமும் காலி" என்கிற பூச்சாண்டியைப் பற்றி இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே பேசிவிட்டது. உதிரி பாகங்களையும் தொழில்நுட்ப விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம். அதே உத்தரவில், வெளியே சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, வெளி ஆள் செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றும் சொன்னது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அப்பீல் போனார்கள். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகளின் வழக்கில் குற்றத்தை உறுதி செய்து அபராதத்தை மட்டும் குறைத்தது. அதனால் இதை மந்திரக்கோல் மாதிரி ஆட்ட முடியாது. ஆனால் கவுன்டரில் நின்று "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்க இது போதும். கேட்டுப் பாருங்கள், குரல் இறங்கும்.

இனி காசு. நடு வருட ஆயிலுக்கு எவ்வளவு ஆகும் என்று டீலரிடம் கேட்டேன். பதினாலாயிரம் சொன்னார்கள். தாளைப் பார்த்தால் இஞ்சின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், இஞ்செக்டர் கிளீனர், ஏசி கிருமிநாசினி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நான் கேட்டது ஆயில் மட்டும். "என்ன அப்ரூவல் நம்பர் உள்ள ஆயில் ஊத்துவீங்க?" என்றேன். "ஃபுல்லி சிந்தெடிக் சார், டென்ஷன் மத் லோ" என்று பதில். அது நான் கேட்காத கேள்விக்கான பதில். ஐந்தரை லிட்டர் பேரலிலிருந்து பிடித்து ஊற்றுவார்கள். நாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏசியில் காபி குடித்துக்கொண்டிருப்போம். வீட்டில் செய்தால் ஆயில், ஃபில்டர், வாஷர் எல்லாம் சேர்த்து எனக்கு ஆறாயிரத்துச் சொச்சம்.

மிச்சமாகிற எட்டாயிரத்துக்காக இந்தப் பதிவு இல்லை. நாம் ஏன் அந்தக் காபியைக் குடிக்கிறோம் என்பதுதான் விஷயம். ஊரில் என்றால் அப்பா காலத்திலிருந்து தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் இருப்பார். "டேய் தம்பி, இது தேவையில்லடா, போ" என்று திட்டி அனுப்புவார். இங்கே யார் இருக்கிறார்கள்? மராட்டியும் தெரியாது, அரைகுறை ஹிந்தி. யாரையும் தெரியாத ஊரில் கண்ணாடி போட்ட ஷோரூமும் கம்ப்யூட்டர் பில்லும்தான் நம்பிக்கை மாதிரித் தெரிகிறது. அந்தத் தனிமைக்குத்தான் காசு கொடுக்கிறோம். விவரம் தெரிந்துகொண்டால் அதில் பாதி தேவைப்படாது.

அந்த விவரம் பெரிய வித்தை இல்லை. டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. கம்பெனியின் அப்ரூவல் நம்பர் இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கு 502 00 அல்லது 504 00, மெர்சிடிஸ் என்றால் 229.5, இந்த மாதிரி. உங்கள் இஞ்சினுக்கு எது என்று மேனுவலில் இருக்கும். சென்னைக்குப் புதுப்பேட்டை மாதிரி பெங்களூருக்கு ஜே.சி. ரோடு, தில்லிக்குக் காஷ்மீரி கேட், புனேக்கு நானா பேட் உண்டு. எங்கே வாங்கினாலும் சீல் உடையாத டப்பா, பில்லோடு. மலிவாகக் கிடைக்கிறது என்று போலியில் மாட்டாதீர்கள். சம்ப் போல்ட்டுக்குப் புது வாஷர், மேனுவலில் போட்ட டார்க் அளவு, அதற்கு ஒரு டார்க் ரெஞ்ச். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. பில்லையும் ஓடோமீட்டரையும் ஒரே போட்டோவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வாரண்டித் தகராறு என்றால் அதுதான் சாட்சி.

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில் இரண்டிலும் நான் கை வைப்பதில்லை. கியர்பாக்ஸில் ஆயிலின் வெப்பநிலையைப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும், அதற்குக் கருவி வேண்டும். தெரிந்ததைச் செய்வது வேறு, ஹீரோத்தனம் வேறு.

சொசைட்டியில் பார்க்கிங்கில் வேலை செய்யக்கூடாது என்கிறார்களா? நல்ல வெளி ஒர்க்‌ஷாப்புக்கு உங்கள் ஆயிலையும் ஃபில்டரையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்று மாற்றுங்கள். பாதி லாபம் காசில், பாதி கண்ணால் பார்ப்பதில்.

நானே செய்கிறேன் என்று பீற்றிக்கொள்கிற கூட்டத்துக்கும் ஒரு குட்டு. பழைய ஆயிலை என்ன செய்கிறீர்கள்? சாக்கடையில் ஊற்றுகிற ஆளை நான் பார்த்திருக்கிறேன். சென்ட்ரிங் பலகைக்குத் தடவ என்று கேட்கிறவரிடம் கொடுக்கிற ஆளையும். 2016 விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. மறுசுத்திகரிப்புக்கு அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாதவர், தயவுசெய்து டீலரிடமே போங்கள். அந்த விஷயத்தில் அவர்தான் உங்களைவிட யோக்கியர்.

கடைசியாக அந்தப் பார்வை. நட்டும் போல்ட்டும் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, கையில் கறுப்பு ஒட்டினால் கௌரவம் போய்விடும் என்றால், கோளாறு ஆயிலில் இல்லை. போன மாதம் வாஷரை எடுத்துக் கொடுத்தது என் பத்து வயது மகள். போல்ட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று அவளுக்குத் தெரியும். பார்வை பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டிஸ்கி: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதளம், ஆக்ஸில் ஸ்டாண்ட் இரண்டும் கட்டாயம். அது இல்லாத அன்றைக்கு, பரவாயில்லை, போய் அந்தக் காபியையே குடித்துக்கொள்ளுங்கள் :-)