நீலமும் துருவும்: பழைய ரிவால்வர்களைப் பேணுவது குறித்து

பழைய பொருள் ஒன்றைப் புத்தம்புதிதாக்கிக் காட்டுவதை நாம் பொதுவாக நற்பணி என்றே கருதுகிறோம். அமெரிக்காவில் பழைய ரிவால்வர்களைச் சேகரிப்போரிடையே இதுபற்றி ஓயாத வழக்கொன்று உண்டு. நீலம் தேய்ந்துபோன துப்பாக்கிக்கு மீண்டும் நீலமேற்றலாமா, கூடாதா? ஆயுதம் எதையும் கையால் தொட்டிராத இலக்கிய வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பேணுதல் எங்கே முடிகிறது, அழித்தல் எங்கே தொடங்குகிறது என்பதே அந்த வழக்கின் உள்ளே இருக்கும் கேள்வி. ஆகவே அது நமக்கும் உரியதுதான். மீண்டும் நீலமேற்றக் கூடாது என்பது என் தரப்பு. அதற்கான காரணம் அந்த நீலத்தின் இயல்பிலேயே உள்ளது.

நீலம் என்பது பெயிண்ட் போல மேலே பூசப்பட்டதன்று. நிக்கல் முலாம்போல வேறோர் உலோகமும் அன்று. எஃகின் மேற்பரப்பே மாறி உருவான கரிய ஆக்சைடு அது. மாக்னடைட் என்று பெயர். சிவப்புத் துருவும் இரும்பின் ஆக்சைடுதான். சிவப்பு செதிலாக உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்பை மறுபடி காற்றுக்குத் திறந்துவிடும். கரியது ஒட்டி நிற்கும். பழைய முறை ஒன்றில் இந்த உறவைக் கண்ணாலேயே பார்க்கலாம். அமிலக் கரைசலைத் தடவி எஃகைத் துருப்பிடிக்க விடுவார்கள். பிறகு கொதிநீரில் இட்டால் சிவப்பு கறுப்பாகும். தளர்ந்து நிற்பதை மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி துருப்பிடிக்க விடுவார்கள். இப்படிப் பல சுற்றுகள், பல நாட்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலான முறை இதைவிட விரைவானது. சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலில், ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். எந்த வழியில் வந்தாலும் அந்தப் படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான்.

இந்தப் படலம் தனியாக எஃகைக் காப்பதும் குறைவு. அதன் நுண்துளைகள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. காப்பது அந்த எண்ணெய்தான். எண்ணெய் வற்றினால் அடியில் சிவப்பு எட்டிப்பார்க்கும். ஆகவே நீலமேற்றிய ரிவால்வரை வைத்திருப்பவர் ஒரு பொருளின் உடைமையாளர் மட்டுமல்லர், ஓயாத சிறு கடமை ஒன்றுக்கும் உரியவர்.

அந்தக் கடமையில் கடினமானது எதுவும் இல்லை. பொறுமை மட்டுமே வேண்டும். முதலில் சிலிண்டரைத் திறந்து, எல்லா அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ரிவால்வரின் சட்டம் பின்புறத்தை மறைத்திருப்பதால் குழலைப் பெரும்பாலும் முன்வாய் வழியாகத்தான் துடைக்க முடியும். தூரிகைக் கம்பி அந்த வாயின் விளிம்பில் உரசினால் குறி கெடும். அதற்குப் பித்தளைக் காப்பு உண்டு. சிலிண்டரின் ஒவ்வோர் அறையையும், காலித் தோட்டாக்களை வெளித்தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியையும் துடைக்க வேண்டும். அங்கே ஒட்டும் எரியாத வெடிமருந்துத் துகள்கள் சில சேர்ந்தாலே சிலிண்டர் சுழலத் தடுமாறும். பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது விட்டுச்செல்லும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதை எண்ணெய் கரைக்காது; நீர்தான் கரைக்கும். நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின் எண்ணெய் இட வேண்டும்.

கடைசியில் வெளிப்புறம். எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். வழியும் அளவுக்கு எண்ணெய் கூடாது. துடைத்தபின் வெறுங்கையால் தொடாதிருப்பது நல்லது. வியர்வையின் உப்பு விரல்ரேகையைத் துருவாகவே எழுதிவிடும். தோலுறையில் போட்டுப் பூட்டி வைப்பதும் தவறு. தோலும் அதைப் பதனிட்ட பொருட்களும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுநாள் வைப்புக்கு அருங்காட்சியகங்கள் மெழுகைப் பயன்படுத்துகின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் 1950களில் உருவான ரெனசான்ஸ் மெழுகு அதற்குப் பெயர்பெற்றது. திரைப்படங்களில் நாயகன் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டிச் சிலிண்டரை மூடுவான். அது சிலிண்டரைத் தாங்கும் கையை வளைத்துவிடும். உண்மையில் துப்பாக்கியை அறிந்தவர் எவரும் அப்படிச் செய்வதில்லை.

இனி வழக்குக்கு வருவோம். துருநீக்கி அமிலங்கள் நீலத்தையும் சேர்த்தே கரைத்துவிடும். வீட்டு வினிகருக்கே அந்த வல்லமை உண்டு. வேதியியலின் கண்ணில் அழகு என்றும் அழுக்கு என்றும் இரண்டில்லை, இரண்டுமே ஆக்சைடுதான். பிரித்தறிய வேண்டியவர் மனிதர். மேலோட்டமான துருவை எண்ணெயில் நனைத்த மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் மெல்ல எடுக்கலாம். அதற்கு மேல் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து.

மீண்டும் நீலமேற்றுபவர் அதற்கு மேல் செல்கிறார். 1955-இல் வந்த கோல்ட் பைத்தானின் ராயல் புளூ இன்றும் புகழப்படுகிறது. அந்த ஆழம் பெரும்பாலும் ரசாயனத்தால் வந்ததன்று. அதற்கு முன் கைவினைஞர்கள் எஃகை மெருகேற்றியதால் வந்தது. நீலம் தன் அடியில் இருப்பதை அப்படியே காட்டும். எனவே பழையதன்மேல் புதுநீலம் ஏற்ற வேண்டுமானால் முதலில் பழைய பரப்பைத் தேய்த்தாக வேண்டும். மெருகுச் சக்கரம் கூரிய விளிம்புகளை மழுக்குகிறது. திருகுத் துளைகளின் வாயைக் குழிக்கிறது. பொறித்த எழுத்துகளையும் எண்களையும் மங்கச் செய்கிறது. எடுத்த எஃகு திரும்பி வராது.

எழுத்துகள் மங்குவது சிறிய இழப்பன்று. 1898 பிப்ரவரியில் ஹவானா துறைமுகத்தில் மூழ்கிய ‘மெய்ன்’ போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட கோல்ட் ரிவால்வர் ஒன்றைத் தியோடர் ரூஸ்வெல்ட் அதே ஆண்டு ஜூலை 1 அன்று சான் ஹுவான் போரில் ஏந்திச் சென்றார். அந்தச் செய்திகள் அதன்மேலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அவருடைய இல்லமான சாகமோர் ஹில்லில் காட்சிக்கு இருந்த அது 1990-இல் திருட்டுப்போய் 2006-இல் மீண்டு வந்தது. பொறிப்புகள் இல்லாவிட்டால் அது ஆயிரத்தில் ஒரு கோல்ட். இருப்பதால் அது ஒரு சாட்சி.

இலக்கியத்துக்கு நெருக்கமான இரு ரிவால்வர்கள் உண்டு. 1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸில் வெர்லேன் ரேம்போவின் இடது மணிக்கட்டில் சுட்ட ரிவால்வர் 2016-இல் பாரிஸில் 4,34,500 யூரோவுக்கு ஏலம் போனது. வான்கோ 1890-இல் தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் ரிவால்வர் 1960களில் ஓவேர் கிராமத்து வயலில் ஓர் உழவர் கையில் கிடைத்தது. 2019-இல் 1,62,500 யூரோவுக்கு விலைபோனது. இரண்டாவது ஒரு துருக்கட்டி, அவ்வளவுதான். ஆனால் அது மண்ணில் கிடந்த காலம் 1890-உடன் பொருந்துகிறது என்று சொல்ல முடிந்தது அந்த அரிப்பால்தான். யாராவது அதைச் சுத்தப்படுத்தியிருந்தால் அடையாளமே போயிருக்கும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்ல வேண்டும். ரிவால்வர் ஒரு கருவி, அதைச் சீர்படுத்த உரிமையாளருக்கு உரிமை உண்டு என்கிறார்கள். லட்சக்கணக்கில் உற்பத்தியாகி, துருக்குழிகள் விழுந்து, வரலாறு ஏதுமற்று, இன்னும் பயன்பாட்டில் இருக்கும் ஒன்றைப் பொறுத்தவரை நான் மறுக்கமாட்டேன். துருவோடு போராட விரும்பாதவருக்கு வேறு வழியும் உண்டு: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1965-லேயே துருவேறா எஃகில் ரிவால்வர் செய்துவிட்டது. ஆனால் எது வரலாறற்றது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் அவசரக்காரராகவே இருக்கிறார் என்பதுதான் சிக்கல். தோலுறை உரசிக் குழல்முனையில் வெளிறிய நீலமும், பல்லாண்டு கைபட்டுச் சாம்பல் பூத்த விளிம்பும் பழுதுகள் அல்ல. அந்தத் துப்பாக்கி இருந்த விதம் அது.

பழைய நூல்களை மறுபதிப்புச் செய்யும் நம் சூழலிலும் இதே அவசரம் உண்டு. செல்லரிப்பிலிருந்து ஓலையைக் காப்பது பேணுதல். ஆசிரியரின் வட்டார வழக்கையும் கால நடையையும் ‘திருத்தி’ அச்சிடுவது மெருகுச் சக்கரம். முன்னதற்கு நாள்தோறும் உழைக்க வேண்டும், பெயரும் கிடைக்காது. பின்னதற்கு ஒரு வாரம் போதும், பளபளப்பும் உண்டு. நம் நூலகங்களிலும் பதிப்பகங்களிலும் எண்ணெய்த்துணிக்காரர்கள் இன்னும் சிலராவது பெருக வேண்டும் என்று விரும்புகிறேன்.