செவுள் சிவந்திருந்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை வானகரம் மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் பத்தடிக்கு ஒரு தரம் காதில் விழுவது, "செவுளைப் பாருண்ணா, ரத்தம் மாதிரி இருக்கு" என்ற குரல்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மேற்குப் புறநகரில் மீன் வாங்குகிறவர்களின் நம்பிக்கை மொத்தமும் அந்தச் செவுளில் இருக்கிறது. புது மீன் யாருக்கும் கெடுதல் செய்யாது. மீன் தின்று உடம்புக்கு வந்தால் அது நாள்பட்ட மீன் என்பார்கள். இதை மறுக்கத்தான் இந்தக் கட்டுரை.

முழுக்கப் பொய் என்று சொல்லவில்லை. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் பெருகும். அதைத் தின்றவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பில் தடிப்பு வரும். அங்கே செவுளும் கண்ணும் பார்த்து வாங்குவது ஓரளவு உதவும். ஆனால் பவளப்பாறைகளில் வேட்டையாடித் தின்னும் பெரிய சீலா, களவா, சிவப்புச் சங்கரா வகைகள், அஞ்சாளை ஆகியவற்றில் வரக்கூடிய சிகுவாடெரா நச்சு வேறு ரகம். அது மீன் செத்த பிறகு உண்டாவதில்லை. உயிரோடு நீந்தும்போதே உடம்பில் இருக்கிறது. வலையிலிருந்து துள்ளத் துள்ள எடுத்த மீனிலும் அதே அளவுதான் இருக்கும்.

அது வரும் வழி இது. காம்பியர்டிஸ்கஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் உயிர், செத்த பவளத்தின் மேலும் கடற்பாசியின் மேலும் ஒட்டி வளர்கிறது. 1970-களில் பசிபிக்கின் காம்பியர் தீவுகளில் அடையாளம் கண்டதால் அந்தப் பெயர். பாசி மேயும் கிளி மீன் அதையும் சேர்த்து விழுங்குகிறது. கிளி மீனைக் களவா விழுங்குகிறது. இப்படி ஒவ்வொரு படியிலும் நச்சு சேர்ந்துகொண்டே போய், பல ஆண்டு வாழ்ந்த பெரிய வேட்டை மீனின் ஈரல், சினை, தலை, குடல் ஆகியவற்றில் அதிகமாகத் தங்குகிறது. மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை. நிறம், மணம், ருசி எதுவும் மாறுவதும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் வெள்ளிக்காசை மீனோடு வேகவைத்துக் கறுக்கிறதா என்று பார்த்தார்கள், ஈ உட்காருகிறதா என்று பார்த்தார்கள். இரண்டாலும் பயனில்லை.

"மஞ்சள் போட்டு, புளி கரைச்சு, நல்லா கொதிக்கவெச்சா எதுவும் நிக்காது" என்பார்கள். கிருமி நிற்காது என்பது உண்மை. சிகுவாடெராவைத் தரும் சிகுவாடாக்சின் கிருமி அல்ல, கொழுப்பில் கரையும் வேதிப்பொருள். குழம்பு எவ்வளவு கொதித்தாலும், எண்ணெயில் எவ்வளவு பொரித்தாலும் அது சிதைவதில்லை. ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைத்தாலும் போகாது, உப்பில் போட்டுக் கருவாடாக்கினாலும் போகாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு வைத்திருக்கும் வரம்பு, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அத்தனை சிறிய அளவையே அவர்கள் ஆபத்து என்று கணக்கில் எடுக்கிறார்கள்.

அடுத்தது தலை. பெரிய தலையை மரக்கட்டையில் வைத்து, கத்தியால் இரண்டாகப் பிளந்து, செவுளை உருவி வீசி, கண்ணும் கன்னச் சதையும் சேதமாகாமல் பையில் போட்டுத் தருவார்கள். சதையைவிட விலை குறைவு, குழம்புக்கு ருசி அதிகம், பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு நல்லது என்ற பேச்சும் கூடவே வரும். சின்ன மீனின் தலைக்கு நான் எதிரி இல்லை. பெரிய பவளப்பாறை மீனின் தலை பற்றிச் சொல்ல மங்களூர் இருக்கிறது. சுமார் பத்தாண்டுகளுக்கு முன் அங்கே சிவப்புச் சங்கரா வகை மீனின் தலையைச் சமைத்துத் தின்றவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கு, மரத்துப்போதல் என்று மருத்துவமனைக்குப் போனார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், லுட்ஜானஸ் போஹர் என்ற அந்த மீனில் சிகுவாடாக்சின் இருப்பதை எலிச் சோதனையில் உறுதிசெய்தார்கள். வெளிநாட்டுக்கு வெட்டி அனுப்பும் சதையிலும் இதே சிக்கல் வந்திருக்கிறது. 2012 முதல் 2017 வரை ஜெர்மனியில் நடந்த சிகுவாடெரா சம்பவங்களை ஆராய்ந்தபோது, மீன் வந்த நாடுகளில் இந்தோனேசியா, வியட்நாமோடு இந்தியாவும் இருந்தது.

"சென்னைக் கடல்ல பவளப்பாறை ஏது?" என்ற கேள்விக்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். நம் கரை மணற்கரை. இங்கே பிடிபடும் சின்னச் சீலா, நெத்திலி, மத்தி, சின்னச் சங்கரா பற்றி இந்த விஷயத்தில் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் புறநகர்ச் சந்தையில் விற்பதெல்லாம் சென்னைக் காசிமேட்டுத் துறைமுகத்து மீனா? வெளியூர், வெளிமாநில மீனும் லாரியில் வந்து அதே பலகையில்தான் கிடக்கிறது. ஜெர்மன்காரர்கள் தங்கள் கடல் மீனைத் தின்றா நோயுற்றார்கள்? ஹாங்காங்கிலும் வெளியிலிருந்து வந்த பவளப்பாறை மீனால் பலர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். கடல் சூடேறுவதும் பவளம் வெளுத்துச் சாவதும் அந்த நுண்ணுயிருக்கு வசதி. முன்பு இந்த நோயே தெரியாத ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் 2004 முதல் அது வந்துகொண்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளம் வெளுத்ததை நாமே பார்த்தோம்.

"எங்க தெருவுல யாருக்கும் வந்ததில்லையே" என்பது எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தரும் வாதம். வந்தாலும் யாருக்குத் தெரியும்? முதல் நாள் வாந்தியும் பேதியும் "ஃபுட் பாய்சன்" என்று எழுதப்பட்டுவிடும். அடையாளம் அதற்குப் பிறகுதான் தெரிகிறது. உதடும் விரல் நுனியும் மரத்து ஊசி குத்தும், அரிப்பெடுக்கும், மூட்டு வலிக்கும், சிலருக்கு நாடித்துடிப்பு குறையும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுட்டதுபோல எரியும். நரம்புச் செல்லின் சோடிய வாயிலை இந்த நச்சு மூடவிடாமல் திறந்தே வைப்பதால் வரும் கோளாறு இது. உயிர் போவது அரிது. ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மாற்று மருந்து கிடையாது. மன்னிட்டால் ஊசியைப் பெரிதும் நம்பினார்கள். 2002-இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில் அது உப்புநீர் டிரிப்பைவிட மேலாக இல்லை. குணமாகி வரும்போது மதுவும் மீனும் அறிகுறிகளை மறுபடி கிளப்பிவிடலாம். மீன் தின்ற மறுநாள் இப்படி இருந்தால், என்ன மீன், எவ்வளவு பெரிது, குளிர்நீர் எரிகிறதா என்பதை மருத்துவரிடம் நாமே முந்திச் சொல்ல வேண்டும். மிச்சக் குழம்பைக் கொட்டாமல் ஃப்ரீசரில் வைத்தால் பரிசோதனைக்கு உதவும்.

அப்படியானால் மீனே வேண்டாமா? நான் கேட்பது அதுவல்ல. பெரிய களவா, பெரிய சீலா, பெரிய சிவப்புச் சங்கரா என்றால் செவுளோடு சேர்த்து, எந்த ஊர் மீன் என்றும் கேளுங்கள். அவற்றின் ஈரல், சினை, தலையை வாங்காதீர்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சதையும் வேண்டாம், நச்சு குழந்தைக்கும் போகும். பெரிய சீலாவை ஜப்பான் 1953-லேயே நச்சு மீனாக அறிவித்து விற்பனையைத் தடுத்தது. நம் ஊரில் அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. பலகை போட்டு விற்கும் அக்காவைக் குற்றம் சொல்வதிலும் நியாயமில்லை, மொத்த வியாபாரி சொன்னதைத்தான் அவர் சொல்கிறார். மொத்தச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு பெட்டியிலும் இறக்கிய துறைமுகத்தின் பெயர் எழுதியிருக்க வேண்டும். பெரிய பவளப்பாறை மீனின் தலை, மீனை வெட்டி ஏற்றுமதி செய்யும் எந்த ஆலையிலிருந்தும் மலிவு விலையில் சந்தைக்கு வரக் கூடாது. இந்த இரண்டையும் உணவுப் பாதுகாப்புத் துறை கட்டாயமாக்க வேண்டும்.