லயத்து வயரும் விமானத்து வயரும்

கனடாவில் இருக்கும் என் பள்ளித் தோழன் அண்மையில் வட்ஸ்அப்பில் சில படங்களை அனுப்பியிருந்தான். ஹட்டனில் எங்களோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, வீட்டுக் கராஜில் இருவர் அமரக்கூடிய சிறிய விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். நான் வயரிங் வேலை செய்பவன் என்பதால் இறக்கையையும் இயந்திரத்தையும் விட்டுவிட்டு வயர்களை மட்டும் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஒவ்வொரு வயருக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொரு சுற்றுக்கும் தனி பியூஸ். தகட்டில் துளையிட்ட இடமெல்லாம், விளிம்பு வயரை அறுக்காதபடி ரப்பர் வளையம்.

அதே வாரம் தீப்பிடித்த லயமொன்றைப் பார்த்துவரச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். எரியாமல் மிஞ்சிய காம்பராக்களுக்கு மீண்டும் கரண்ட் கொடுக்கலாமா என்று சொல்ல வேண்டும். கூரைத் தகரங்கள் சுருண்டு கிடந்தன. கருகிய மரச்சட்டத்தில், பிளாஸ்டிக் உருகி ஓடிய செப்புக் கம்பிகள் தொங்கின. எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போனது என்று அங்கே இருந்த யாராலும் சொல்ல முடியவில்லை. மறுநாள் செய்தியில் வழக்கமான வரி வந்தது: மின்னொழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். அந்த வரியை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. தோழனின் படங்களும் அந்தக் கருகிய கம்பிகளும் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டதால்தான் இதை எழுதத் தோன்றியது.

வீட்டில் கட்டும் விமானம்

சொந்தமாக விமானம் கட்டுவது நமக்குப் புதிதல்ல. பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924-2010) இந்நாட்டிலேயே இலகு விமானங்களை வடிவமைத்து, கட்டி, தானே ஓட்டியவர். மும்பையில் விமானி அமோல் யாதவ் தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானமொன்றைக் கட்டி, நீண்ட இழுபறிக்குப் பிறகு 2017இல் அதற்குப் பதிவு பெற்றார். கேரளத்தின் தொடுபுழாவைச் சேர்ந்த சஜி தோமஸ் காது கேளாதவர், வாய் பேசாதவர். அவரும் ஒரு சிறு விமானத்தைத் தானே உருவாக்கினார்.

இவர்களுக்கு வசதி, படிப்பு, நாடு எல்லாம் வேறு வேறு. ஆனால் வயர் இழுக்கும்போது எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போட வேண்டும். முதலில் சுமைப் பட்டியல். இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. விட்டு விட்டு மின்னும் விளக்கு, தரையிறங்கும் விளக்கு, வானொலி. ஒவ்வொன்றும் எத்தனை அம்பியர் இழுக்கும் என்று எழுதிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை மின்பிறப்பாக்கி தரக்கூடியதை விடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும். பிறகு ஓடும் மின்னோட்டத்துக்கும் நீளத்துக்கும் ஏற்ற வயர்த் தடிப்பு. அந்த வயர் சூடாகும் முன்னே அறுந்துபோகும் பியூஸ். பியூஸ் காப்பது கருவியை அல்ல, வயரைத்தான். இந்த ஒன்றைத்தான் எங்கள் ஊரில் நான் சொல்லிச் சொல்லிக் களைத்திருக்கிறேன்.

எரிந்தால் நச்சுப் புகை கக்கும் சாதாரண பி.வி.சி வயரைத் தவிர்த்து, தீயை எளிதில் பற்றாத உறை போட்ட வயரைப் பயன்படுத்துகிறார்கள். இணைப்பை முறுக்கி டேப் சுற்றுவதில்லை. அழுத்திப் பொருத்தும் முனைகளே போடுகிறார்கள். புகை வாசம் வந்தால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அணைக்க, விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிரதான சுவிட்ச் இருக்கும்.

தோழன் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இறக்கையை மூடித் தைப்பதற்கு முன் ஒரு பரிசோதகர் வந்து உள்ளே பார்க்க வேண்டும். மூடிவிட்டால் பிறகு வயர் தெரியாதல்லவா? அவர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்த வேலை. வேலை முடிந்ததும் இன்னொரு பரிசோதனை. அதன் பிறகும் குறிப்பிட்ட மணித்தியாலங்கள் சோதனைப் பறப்பு முடியும் வரை பயணி ஏற முடியாது. சொந்தக் காசில், சொந்த உயிரைப் பணயம் வைத்துக் கட்டுகிற ஒரு பொழுதுபோக்கு விமானத்துக்கே இத்தனை கண்கள்.

அருவி இங்கே, வெளிச்சம் அங்கே

இனி லயத்துக்கு வருவோம். நான் வேலை செய்யும் இடங்களைச் சுற்றித்தான் இந்த நாட்டின் நீர்மின்சாரம் பிறந்தது. பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. பிறகு காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள். மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில் இன்றும் தலைகாட்டும். 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவோட்டுடன் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து, அருவியைத் திருப்பி, உயர் அழுத்தக் கம்பிகள் லயங்களின் கூரைக்கு மேலாகவே கொழும்புக்குப் போயின. அந்தக் கூரைகளின் கீழே மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் படித்த தலைமுறையில் நானும் ஒருவன்.

பின்னாளில் கரண்ட் வந்தது. ஆனால் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. வெள்ளைக்காரர் காலத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராக்களாகக் கட்டிய லயத்தில் மின்சாரத்துக்கென்று எதுவும் திட்டமிடப்பட்டிருக்கவில்லை. ஒரு வீட்டுக்கு மீட்டர் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்குக் கிடைக்காது. மகன் கல்யாணம் முடித்து இஸ்தோப்பை அடைத்துத் தனிக் குடித்தனம் போவான். அவனுக்கு அப்பா வீட்டிலிருந்து ஒரு வயர். தோட்டத்தில் பதியாத குடும்பத்துக்கு இன்னொரு வயர். பல லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரை வரை எழும்புவதில்லை. மேலே ஒரே வெளி. அந்த வெளியில்தான் எல்லா வயரும் ஓடுகின்றன. அட்டலில் விறகு, அடுப்புப் புகையின் கரி, எலி, தகரத்தில் கசியும் பனிநீர் எல்லாம் அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு. கேத்தல் 2,000 வோட், அயன் பெட்டி 1,000, ரைஸ் குக்கர் 700. மூன்றும் ஒன்றாக ஓடினால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 16 அம்பியர். பக்கத்து வீட்டுக்கு இழுக்கும் மெல்லிய இரட்டை வயர் பெரும்பாலும் அரைச் சதுர மில்லிமீட்டர். அது தாங்குவது சுமார் 3 அம்பியர். காலை ஐந்து மணிக்கு, மலைக்கு ஏறுமுன் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தேநீர் கொதிக்கிறது. பியூஸ் போனால் தடித்த கம்பி ஒன்றைச் சுற்றிவிடுகிறார்கள். இனி பியூஸ் போகாது. சூடாவது மேலே, அட்டலுக்குப் பக்கத்தில் ஓடும் வயர்.

சனங்களுக்கு அறிவில்லை என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முறையாக வயரிங் செய்ய வேண்டுமானால் சுவரில் துளையிட வேண்டும், ஏர்த் கம்பி இறக்க வேண்டும், வீட்டைத் திருத்த வேண்டும். வீடு அவர்களுடையதல்ல. எங்கள் பக்கத்தில் புது மீட்டருக்கு விண்ணப்பிக்கப் போனவர் முதலில் தேடுவது தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தைத்தான். தலைவரைப் பிடித்து, துரையைப் பார்த்து, அது கிடைக்கும்வரை பக்கத்து வீட்டு வயர்தான் வழி. ஒளித்துச் செய்யும் வேலையைப் பரிசோதகரிடம் காட்ட முடியாது.

என் கையால் இழுத்த வயர்

நானும் அப்படி வயர் இழுத்திருக்கிறேன். 2009இல், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தாய் ஒருவர் வந்து கேட்டார்.

“தம்பி, சோதனை முடியுற வரைக்கும் ஒரு பல்ப் எரிஞ்சா போதும். மெழுகுதிரியில படிச்சு கண்ணு எரியுதுங்குது புள்ள.”

“அக்கா, இது மெல்லிசு வயர். பல்ப்பத் தவிர வேறெதுவும் போடக் கூடாது.”

“போட எங்கக்கிட்ட என்ன இருக்கு?”

அன்று அது உண்மைதான். மூன்று வீடு தாண்டி வயர் இழுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. பிள்ளை நன்றாகச் சித்தியடைந்து, கொழும்பில் வேலைக்குப் போய், அம்மாவுக்கு முதலில் ரி.வி வாங்கிக் கொடுத்தாள். பிறகு ரைஸ் குக்கர், பிறகு கேத்தல். 2016இல் ஒரு மாலை அந்த லயம் எரிந்தது. பன்னிரண்டு குடும்பங்கள். உயிர்ச்சேதம் இல்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் புத்தகம், தீபாவளிக்கு எடுத்த துணி எதுவும் மிஞ்சவில்லை. பாடசாலைக் கட்டடத்தில் வாரக்கணக்கில் படுத்தார்கள்.

தீ என் வயரில் தொடங்கியதா, வேறொருவரின் வயரிலா, அடுப்பிலா? யாரும் தேடவில்லை. நான் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். “நீ என்ன தம்பி செய்வ, நீ வெளிச்சந்தானே குடுத்த” என்றார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. காரணம் என் வயர்தான் என்று யாராவது நிரூபித்திருந்தால்கூட, அதற்குப் பிறகு இழுத்த வயர்களை வேறு விதமாக இழுத்திருப்பேன்.

தேடுவதும் தேடாததும்

1998 செப்டெம்பர் 2ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து ஜெனீவா புறப்பட்ட சுவிஸ்எயார் 111 விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கடலில் விழுந்து 229 பேர் இறந்தனர். கனேடிய விசாரணையாளர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். கடலடியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, விமானத்தின் முன்பகுதியை மீண்டும் பொருத்திப் பார்த்தார்கள். பயணிகளின் பொழுதுபோக்குக் கருவிகளுக்குப் பின்னாளில் இழுத்த வயரில் பொறி பறந்திருக்கலாம், அது பக்கத்திலிருந்த காப்புறையைப் பற்றியது என்று 2003இல் அறிக்கை வந்தது. அந்த வகைக் காப்புறைகளை அகற்றும்படி உத்தரவுகள் பிறந்தன.

கவனியுங்கள், அதுவும் பின்னாளில் சேர்த்த வயர்தான். நம் லயத்துக் கதையேதான். வித்தியாசம், தீக்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. அங்கே ஒரு வயரைக் கடலுக்குள் தேடினார்கள். இங்கே கண்முன் தொங்கும் வயரை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ‘மின்னொழுக்கு’ என்ற சொல் காரணத்தைக் கண்டுபிடித்தது போலத் தோன்றும். உண்மையில் அது தேடலை முடித்துவைக்கும் சொல்.

ஏன் தேடுவதில்லை? தேடினால் பொறுப்பு யாருடையது என்று சொல்ல வேண்டிவரும். மின்சாரம் வழங்கும் நிறுவனம் தன் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது என்கிறது. உள்ளே இருப்பது குடியிருப்பவரின் வயரிங் என்கிறது நிர்வாகம். குடியிருப்பவரிடம் உறுதிப்பத்திரம் இல்லை. காணி அரசுடையது, 1992 முதல் நிர்வகிப்பது கம்பெனிகள். பிரதேச சபை என்று ஒன்று இருக்கிறதே என்றால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை தோட்டக் குடியிருப்புகளுக்குத் தன் நிதியைச் செலவிடவே அதற்குத் தடை இருந்தது. தடை போன பிறகும் லயத்துக் கூரைக்குள் எட்டிப் பார்த்த சபை எதையும் நான் காணவில்லை.

மூடுமுன் பார்க்க வேண்டும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. மண்சரிவில் வீடிழந்தவர்கள், அபாய வலயம் என்று வெளியேற்றப்பட்டவர்கள் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். காணி எங்கே, எத்தனை பேர்ச்சஸ், யார் கட்டுவது என்பவை முதன்மையான கேள்விகள்தான். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளின் கதையும் நமக்குத் தெரியும். வீடு தாமதமாகத்தான் வரும். இடையில் தற்காலிகக் கொட்டில்களும் பழைய லயங்களில் நெருக்கியடித்த குடும்பங்களும் இருக்கும். அங்கேதான் அடுத்த மெல்லிய வயர் இழுக்கப்படும்.

எனவே வீட்டுரிமைக்காகக் காத்திருக்கும்போதே செய்யக்கூடியவற்றைக் கேட்போம். உறுதி இல்லாவிட்டாலும், நிர்வாகத்தின் கடிதம் இல்லாவிட்டாலும், குடியிருப்பதே போதுமென்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர். ஒவ்வொரு மீட்டருக்கும் ட்ரிப் சுவிட்சும் ஏர்த்தும். ஒரு கேத்தலும் ஒரு பிளக்கும் வாங்கும் காசில் பெரும்பாலும் முடிகிற விஷயம் அல்ல இது, நாட்கூலியில் வாழும் குடும்பத்தின் தலையில் போடாமல் நிர்வாகமோ அரசோ ஏற்க வேண்டியது. வருடத்துக்கு ஒருமுறை லயத்துக் கூரைக்குள் ஏறிப் பார்க்கும் பரிசோதனை. அதற்குத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் பெற்ற தோட்டத்துப் பிள்ளைகளே போதும். வேலை தேடி கொழும்புக்குப் போகும் பிள்ளைகளில் வயரிங் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. லயம் எரிந்தால், சந்தேகத்தோடு நிற்காமல் காரணத்தைக் கண்டு வெளியிடும் விசாரணை.

தீப்பிடித்த அந்த லயத்துக்கு நான் கரண்ட் கொடுக்கலாம் என்று சொல்லவில்லை. அதனால் மிஞ்சிய நான்கு குடும்பங்கள் இருட்டில் இருக்கின்றன, என்மீது கோபமாகவும் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. இரண்டு நாள் கழித்து யாரோ வந்து பக்கத்து லயத்திலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எரிந்த இடத்துக்குப் புதுத் தகரம் வந்து இறங்கியிருக்கிறதாம். கூரையை மூடுமுன் யாராவது ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும். யாரும் வராவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே போவதாக இருக்கிறேன்.