மடிக்கணினி இருந்தால் போதுமாம்!

மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் வாழலாம் என்று சொல்ல ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. யூடியூபைத் திறந்தால் பாலியில் ஒருவர், லிஸ்பனில் ஒருவர், சியாங் மாயில் ஒருவர் என இளநீரும் கையுமாக உட்கார்ந்துகொண்டு நமக்கு வகுப்பெடுக்கிறார்கள். வீட்டிலிருந்தே இணையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கென்று தனியாக நீண்டகால விசா வந்துவிட்டதாம். துணிச்சல் ஒன்றுதான் நம்மிடம் குறைகிறதாம்.

அவர்கள் பாட்டுக்குப் பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் நம் தோழர்களும் இப்போது அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "இந்த ஊர்ல இருந்து என்னத்தைக் கண்டீங்க தோழர்? சாதி கேட்காத நாடாப் பார்த்துப் போயிடுங்க. உங்களுக்குத்தான் ஆன்லைன் வேலை இருக்கே" என்று கடந்த ஆறு மாதத்தில் என்னிடம் சொன்னவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் என் நன்மையை விரும்புகிறவர்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு வயது 32. முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உதவித்தொகை பல மாதம் தேங்கி, பிறகு மொத்தமாக வரும். தேங்கும் மாதங்களில் வெளிநாட்டு ஆய்வாளர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பதும், பேட்டி ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதிக் கொடுப்பதும்தான் வீட்டு வாடகையைக் கட்டுகின்றன. ஆகவே நானும் 'இணையவழித் தொழிலாளி'தான். எந்த நாட்டுக்குப் போகலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத் தோழர்களும் பார்க்கட்டும்.

முதலில் வருமானம். போர்ச்சுகல் 2022 அக்டோபரில் தொடங்கிய விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் வேண்டும். 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ. நம் பணத்தில் 3 லட்சத்துக்கும் மேல். ஸ்பெயின் கேட்பது அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் இரு மடங்கு. கூடவே பட்டப்படிப்பு அல்லது மூன்றாண்டு அனுபவம், வேலை தரும் நிறுவனத்துக்கு ஓராண்டு வயது, அதனுடன் நமக்கு மூன்று மாதத் தொடர்பு. பக்கத்து வீடு போன்ற மலேசியா, தொழில்நுட்ப வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 24,000 டாலரும் மற்றவர்களுக்கு 60,000 டாலரும் வைத்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய். அது மாதம் தவறாமல் வந்து, அதில் ஒரு டீ கூடக் குடிக்காமல் நான்கு ஆண்டு சேர்த்தால், மலேசியாவின் அந்தச் சின்னத் தொகையின் பக்கத்தில் போய் நிற்கலாம். மலேசியா கேட்பதோ ஓராண்டு வருமானம்.

ஜப்பானும் ஐஸ்லாந்தும் இந்தத் தொல்லையைக்கூடத் தரவில்லை. ஜப்பான் 2024இல் திறந்த ஆறு மாத விசாவுக்கு ஆண்டு வருமானம் ஒரு கோடி யென் வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். விசா இல்லாமலேயே அந்நாட்டுக்குள் வரக்கூடிய நாட்டினருக்குத்தான் அந்த விசா. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஐஸ்லாந்தும் அப்படியே. எவ்வளவு சம்பாதித்தாலும் சரி, எங்கே பிறந்தாய் என்பதே கேள்வி. இந்தக் கேள்வியை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? இருந்தாலும் பாஸ்போர்ட்டும் சாதியும் ஒன்று என்ற மலிவான ஒப்புமைக்கு நான் போக மாட்டேன். பாஸ்போர்ட்டின் நிறம் பார்த்து யாரும் மலத்தை அள்ளச் சொல்வதில்லை.

அடுத்தது சேமிப்பு. தாய்லாந்து 2024 ஜூலையில் தொடங்கிய ஐந்தாண்டு விசா எல்லோரும் கொண்டாடும் விசா. ஒரு முறை போனால் 180 நாள் தங்கலாம். வங்கிக் கணக்கில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும், ஏறக்குறைய 13 லட்சம் ரூபாய். அது நேற்று வந்து விழுந்த பணமாகத் தெரியக்கூடாது, சில மாதமாகக் கணக்கில் கிடந்த பணமாக இருக்க வேண்டும்.

என்னோடு படித்த ஒரு நண்பர் அந்த விசா வாங்கினார். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற அதிகாரி. வைப்புநிதியை உடைத்து மகன் கணக்கில் போட்டார், விசா வந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டார். சட்டப்படி அதில் தவறு ஏதுமில்லை. அவர் என்னிடம், "வெறும் பேப்பர் வொர்க்தாண்டா" என்றார். எங்கள் வீட்டிலும் வங்கிக் கணக்கில் பணம் வரும். மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் வரும், அம்மாவின் தோடு அடகுக்குப் போனால் வரும். வந்த பணம் கணக்கில் ஒரு வாரம் தங்கினால் அதிசயம். மூன்று தலைமுறை நிலமும் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்த வீட்டுக்குத்தான் 13 லட்சம் 'பேப்பர் வொர்க்'. நிலமற்ற கூலியின் பேரனுக்கு அது வாழ்நாள்.

"இது வர்க்கப் பிரச்சினை, இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்க ஆள் இருக்கிறார்கள். அவர்களை அடுத்த காகிதத்துக்கு அழைக்கிறேன். போர்ச்சுகலும் ஸ்பெயினும் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று கேட்கின்றன. போலீஸ் தடையின்மைச் சான்று, பாஸ்போர்ட் அலுவலகப் பேச்சில் பி.சி.சி. கேட்பதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும். கொலைகாரனுக்கு யார் விசா கொடுப்பார்கள்?

எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் போகும் பாதை பிரச்சினை. பிணத்தைச் சாலையில் வைத்து எங்கள் மக்கள் மறியல் செய்தார்கள். சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது என்று 143, 341 பிரிவுகளில் வழக்கு. எஃப்.ஐ.ஆரில் சிலருடைய பெயரும், கடைசியில் 'மற்றும் பலர்' என்ற இரண்டு சொல்லும் இருந்தன. அந்த இரண்டு சொல்லுக்குள் யாரை வேண்டுமானாலும் பிறகு போட்டுக்கொள்ளலாம். அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்த என் சித்தி மகனைப் போட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால் அன்று மாலையே எதிர்ப்புகார் வாங்கி 'இருதரப்பு மோதல்' ஆக்குவது நம் காவல் நிலையங்களின் பழைய பழக்கம். அங்கும் அதுவே நடந்தது. இன்று தம்பி மென்பொருள் சோதனை செய்கிறான், வீட்டிலிருந்தே. எனக்கு இல்லாத வருமானம் அவனுக்கு இருக்கிறது. தொழில்நுட்ப வேலைதான், மலேசியா கேட்கும் தொகையை எட்டிவிடுவான். ஆனால் நீதிமன்றத்தில் குற்றவழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டையே மறுக்க 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் இடம் கொடுக்கிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால் குறிப்பிட்ட காலத்துக்குக் கிடைக்கும். வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது நிலுவை வழக்கு ஆகாது என்று உயர்நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. நீதிமன்றம் சொன்னது விசாரணைக்கு வீட்டுக்கு வரும் ஏட்டய்யாவின் காதில் விழ வேண்டுமே! அவர் தெருவுக்குள் நுழையும்போதே அறிக்கை பாதி எழுதி முடிந்துவிடுகிறது.

பாதையை மறித்தவனுக்கு வழக்கு இல்லை. பாதை கேட்டவனுக்குக் குற்றப் பின்னணி. அதை லிஸ்பனில் இருக்கும் அதிகாரி எப்படி அறிவார்? அவர் கண்ணுக்கு அது நடுநிலையான ஒரு காகிதம். நம் ஊர்ச் சாதி, அரசு முத்திரை வாங்கிக்கொண்டு ஐரோப்பியத் தூதரகத்தின் மேசைக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான். வர்க்கம் மட்டும்தான் என்பவர்கள், பணம் சம்பாதித்துவிட்ட இந்தத் தம்பியை எந்தக் கட்டத்தில் வைப்பார்கள்?

இந்த விசாவுக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: 'டிஜிட்டல் நாடோடி விசா'. நாடோடி! 1871இல் வெள்ளையன் கொண்டுவந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம், ஊர் ஊராகச் சுற்றியவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்றது. காவல் நிலையத்தில் கைரேகை, ஆஜர், ஊரைவிட்டு வெளியே தங்க அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டும் ஒரு விசாதான், சொந்த மண்ணுக்குள்ளேயே. 1952இல் பட்டியலிலிருந்து விடுவித்தார்கள். நரிக்குறவர் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் 2022 டிசம்பர் வரை எடுத்துக்கொண்டது. பாசிமணி விற்றபடி சுற்றினால் பேருந்திலிருந்து இறக்கிவிடுகிறார்கள். மென்பொருள் விற்றபடி சுற்றினால் சிவப்புக் கம்பளம். சொல் ஒன்றுதான்.

சரி, மடிக்கணினி இல்லாதவர்கள் வெளிநாடு போவதில்லையா? நம் மக்கள்தான் முதலில் போனவர்கள். கடற்பயணம் செய்தால் சாதி போய்விடும் என்று போதாயன தர்மசூத்திரம் எழுதிவைத்திருக்க, அதைக் காட்டி ஒரு கூட்டம் கரையில் நின்ற காலத்தில் கங்காணியின் பின்னால் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் நாம். இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். கரையில் நின்றவர்களின் பேரன்கள் இன்று விசா வரிசையில் முதலில் நிற்கிறார்கள். சூத்திரத்தைத் திருத்திய அறிவிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.

இன்று பத்தாம் வகுப்பு முடிக்காத, வருமான வரி கட்டாத ஒருவரின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை. குடியேற்ற அனுமதி வாங்கியாக வேண்டும் என்று பொருள். (சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் ரிசார்ட்டுகள் நிறைந்த கடற்கரைச் சாலை. எங்கள் ஊரில் கேட்டால் மாமாவின் பாஸ்போர்ட்டைக் காட்டுவார்கள்.) வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இது தேவை. மோசடியிலிருந்து தொழிலாளியைக் காப்பாற்றவே 1983ஆம் ஆண்டுச் சட்டம் என்கிறார்கள். காப்பாற்றும் அழகைப் பாருங்கள்: 2018 ஜனவரியில் இந்த வகையினருக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்போவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. படிக்காதவன் என்பதை விமான நிலையத்தில் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். எதிர்ப்பு வந்ததால் அதே மாதம் கைவிட்டார்கள். அந்த யோசனை யாருக்கோ இயல்பாகத் தோன்றியது என்பதை நான் மறக்கவில்லை. அடையாளம் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கச் சொன்ன நாடு இது.

தாய்லாந்துக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. டிஜிட்டல் விற்பனை வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி நம் இளைஞர்களைத் தாய்லாந்துக்கு வரவழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அதுவும் வெளிநாட்டில் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். 13 லட்சம் காட்ட முடிந்தவருக்கு ஐந்தாண்டு விசா. காட்ட முடியாதவருக்கு ஏஜென்ட். 'துணிச்சல்தான் தேவை' என்று காணொளி போடுகிறவர்கள் எந்த வாசலுக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்று யோசித்துப் பேச வேண்டும்.

சாதி கேட்காத நாடு என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். சாதி இல்லாத ஊராக இருந்தால் சியாட்டில் நகர மன்றம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டிருக்காது.

போகக்கூடாது என்கிறேனா? இல்லை. போக வேண்டும், கூட்டம் கூட்டமாகப் போக வேண்டும். ஆனால் எப்படி? 1913இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் போனது அப்பாவின் வைப்புநிதியைக் காட்டி அல்ல. பரோடா அரசின் உதவித்தொகையில் போனார். பொதுப்பணம் கட்டிய பாலம் அது. அந்தப் பாலத்தின் இன்றைய வடிவம் பட்டியல் சாதியினருக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடம். 2022இல் அதன் விதியைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்குக் கிடையாது என்றார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய் ஆராயாதே என்று பொருள். 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். இதற்கெதிராக நாம் எத்தனை கூட்டம் போட்டோம்?

தனித்தனியாக விசா ஏஜென்டுக்குப் பணம் கட்டும் நேரத்தில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. அந்த 2022 விதி நீங்க வேண்டும். தேர்வான அத்தனை பேருக்கும் பணம் வர வேண்டும். தமிழ்நாடு அரசு 2023 இறுதியில் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது, நல்லது. வீட்டிலிருந்து வெளிநாட்டுக்கு வேலை செய்யும் எங்களையும் அதில் சேர்த்து, எந்தத் தூதரகத்திலும் காட்டக்கூடிய வருமானச் சான்றும் வேலைச் சான்றும் தர வேண்டும். இன்று என் கையில் இருப்பது ஒரு செயலியின் திரைப்பிடிப்பு மட்டுமே.

எல்லாவற்றுக்கும் முன்னால், சுடுகாட்டுப் பாதைக்காக, கோயில் நுழைவுக்காக, பொதுக்குழாய்க்காக நின்றவர்கள் மீது போட்ட வழக்குகளை மாவட்டவாரியாகக் கணக்கெடுத்து அரசு திரும்பப் பெற வேண்டும். பல்வேறு போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெற்ற அரசுகளுக்கு இது தெரியாத வேலையல்ல. என் தம்பியின் வழக்கு ஏழாவது ஆண்டாக நடக்கிறது. புகார் கொடுத்த காவல் ஆய்வாளர் ஓய்வுபெற்றுவிட்டார், சாட்சி சொல்ல வருவதில்லை. அடுத்த வாய்தா வரும் மாதம்.